எந்த மரத்தடியிலிருந்து எடுத்தாய்

சிடார் கேப், போர்ட்லேண்ட்
அக்டோபர் 9, வியாழன் இரவு

அன்புள்ள லின்வால்,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். மணி ஒன்றரை. நம் நடீன் இப்போதுதான் கண்ணயர்ந்தாள். பகலில் எழுதலாம் என்று மூன்று முறை உட்கார்ந்தேன். அவளைத் தரையில் விட்டுவிட்டுக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் துணிவில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் நல்ல செய்திகள். நடீனுக்குக் கீழ்வரிசையில் இரண்டு பற்கள் வந்துவிட்டன. போன வாரம் கிளினிக்கில் எடை போட்டார்கள், பதினேழு பவுண்டு. நர்ஸ் திருப்தியாகத் தலையாட்டினார். நீ அனுப்பிய கம்பளிக் காலுறை வந்து சேர்ந்தது. அது நடீனுக்கு இடுப்பு வரைக்கும் வருகிறது. பெர்சி அதைத் தன் கையில் மாட்டிக்கொண்டு, “கனடாவுல பிள்ளைங்க எல்லாம் யானைக்குட்டி மாதிரி பொறக்கும் போல டீச்சர்” என்று சிரித்தான். உன் பெரியப்பா மகனாக இருந்துகொண்டு உன்னை ஒரு நாளாவது கேலி செய்யாமல் அவனுக்குச் சோறு இறங்காது. உன் விரல் காயம் ஆறிவிட்டதா? ஆப்பிள் பறிப்பு இன்னும் எத்தனை வாரம் என்று நீ எழுதவே இல்லை.

இங்கே நம் தீவில் மழை நிற்கவில்லை. ஆறு பழுப்பாக ஓடுகிறது. பின்பக்கக் கரை நாலடி சரிந்துவிட்டது. வேலியின் கடைசிக் கம்பு ஞாயிற்றுக்கிழமை இரவு ஆற்றோடு போய்விட்டது.

ஒவ்வொரு கடிதத்திலும் நீ மரங்களைப் பற்றிக் கேட்கிறாய். நானும் “நன்றாக இருக்கின்றன” என்று ஒரு வரியில் எழுதி மழுப்பி வந்திருக்கிறேன். அது முழு உண்மையில்லை. முழுவதையும் இன்று எழுதுகிறேன்.

நீ கிளம்புவதற்கு முன் நாம் கட்டக் காகிதத்தில் வரைந்த தோட்டம் உனக்கு ஞாபகம் இருக்கும். சமையலறைப் பக்கம் ஆக்கிப்பழ மரம், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் எலுமிச்சை, சாலையோரம் முள் சீத்தா. படுக்கையறை ஜன்னலுக்குக் கிழக்கே ஜூலி மா, ஒட்டுக்கன்று, மூன்றாம் வருடமே காய்க்கும் என்று நான் ஆசையாக வாங்கியது. இந்த நான்கையும் நான் தேர்ந்தெடுத்தேன். சீமைப்பலா மட்டும் உன்னுடையது. நீ புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால் அதை ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தாய், அரசாங்கப் பண்ணையில் கிடைத்தது என்றாய். புயல் அடித்தால் கிளை முறிந்து கூரையில் விழும், வீட்டிலிருந்து முப்பதடி தள்ளி வை என்று மட்டும் நான் சொன்னேன். வீட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவில், சரிவில் குழி தோண்டினாய். யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. மண்ணை மூடிய பிறகு வெகுநேரம் அங்கேயே நின்றாய். ஊரை விட்டுப் போகிற வருத்தம் என்று நினைத்தேன்.

நடீனின் தொப்புள்கொடி அப்போது என் வேதப்புத்தகத்துக்குள், கைக்குட்டையில் முடிச்சிட்டு இருந்தது. நான் அதை ஜூலி மாவின் அடியில் வைக்க இருந்தேன். படித்தவளுக்கு இதிலெல்லாம் நம்பிக்கையா என்று கல்லூரித் தோழிகள் கேட்பார்கள். நம்பிக்கையோ இல்லையோ, என் கொடியும் ஒரு தென்னையடியில்தான் இருக்கிறது, அது என் மரம், அதன் இளநீரை என்னைக் கேட்காமல் யாரும் வெட்டமாட்டார்கள். என் மகளுக்கும் மண்ணில் அப்படி ஒன்று வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். ஆனால் கனடாவிலிருந்து வந்த உன் முதல் கடிதத்தில், “கொடியைச் சீமைப்பலாவில் வை, மாமரம் எத்தனை நாள் நிற்கும்” என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை இப்போது எடுத்துப் பார்த்தேன். ஒரே தாளில் மூன்று இடத்தில் அதையே சொல்லியிருக்கிறாய்.

அப்போதும் நான் உன் பேச்சைக் கேட்டிருக்கமாட்டேன். மே மாதம் பெர்சியின் ஆடுகள் வேலி தாண்டி வந்து ஜூலி மாவை அடியோடு மேய்ந்துவிட்டன. முள் சீத்தா, ஆக்கிக் கொழுந்து, எலுமிச்சை, எதையும் விடவில்லை. சீமைப்பலாவில் ஓர் இலைகூடக் கடிபடவில்லை. ஆட்டுக்கு அந்த இலை என்றால் உயிர் என்பது உனக்குத் தெரியும். பெர்சியிடம் சண்டைக்குப் போனேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, “என் ஆடு ஸ்கூல் பக்கம் ஒதுங்காதது டீச்சர். ஆனா அதுக்கும் ஏதோ தெரிஞ்சிருக்கு” என்றான். அன்று சாயங்காலமே, இருப்பது இது ஒன்றுதான் என்று, கைக்குட்டையோடு கொடியை அதன் அடியில் புதைத்தேன்.

ஜூலையில் மழையே இல்லை. காலையில் வாளியோடு போவேன், மரத்தடி ஏற்கெனவே நனைந்திருக்கும். பிறகு ஒரு நாள் அடியில் சாம்பல் தூவியிருந்தது. இன்னொரு நாள் உருண்டைக் கற்கள் வட்டமாக அடுக்கியிருந்தன, எல்லாம் ஆற்றுக் கற்கள். பெர்சியைக் கேட்டேன். “நான் என் பொண்டாட்டிக்கே ஒரு குவளை தண்ணி மொண்டு குடுத்ததில்ல, உன் மரத்துக்கா குடுக்கப்போறேன்?” என்றான். மரம் ஒரே கோடையில் என் தோள் உயரம் வந்துவிட்டது.

ஆகஸ்டு கடைசியில் ஒரு விடியற்காலை, மூடுபனி விலகுவதற்கு முன், மரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கையில் மடித்த சட்டை ஒன்று. சின்னப் பையன் சட்டை. மேட்டுக்கு மேலே தனியாக இருக்கும் மிஸ் ஐசில்டா. நீ போன இந்த ஐந்து மாதமாக நம் வீட்டுக்கு வந்துபோகாத ஒரே அக்கம்பக்கத்துக்காரி அவள்தான். நான் பயந்துபோய்க் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அவள் எழுந்திருக்கக்கூட இல்லை.

“பயப்படாதே டீச்சரம்மா. நான் சண்டைக்கு வரல. கேட்டிருந்தா நானே தோண்டிக் குடுத்திருப்பேன்.”

எதைத் தோண்டி என்று கேட்டேன். அவள் மரத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள். அவள் முற்றத்தில் ஒரு சீமைப்பலா இருக்கிறது. அது அவள் மகன் லாசெல்ஸின் கொடி புதைத்த மரம். மார்ச் மாதம் அவள் சந்தைக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை, யாரோ அதன் வேரில் முளைத்திருந்த ஒரே கன்றைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். இலையின் வெட்டைப் பார்த்தே இது அதுதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டதாம்.

நான் சமாதானமாக, ஒரு ரகத்து மரங்களின் இலையெல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்றேன். “சரி, வந்து பாரு” என்றாள். போனேன், லின்வால். அந்த மரத்தைப் பார்த்தேன். வேரில் மண்வெட்டியின் வெட்டு, மேலே கறுத்துப்போன பால். நீ நட்ட கன்றின் அடியில் சாய்வாக ஒரு வெட்டு இருந்ததே, அதே சாய்வு. மேலே நிமிர்ந்து பார்த்தால், அத்தனை பெரிய மரத்தில் ஒரு கைப்பிடி இலைதான் மிச்சம். மார்ச்சிலிருந்து காய்ந்துகொண்டு வருகிறதாம். வெட்டுப்பட்ட வேரில் அழுகல் இறங்கினால் அப்படி ஆகும், எனக்குத் தெரியும், அவளுக்கும் சொன்னேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“அழுகலெல்லாம் இல்லம்மா. அவன் இங்கேருந்து கிளம்பிட்டான். செத்த பிறகும் பதினாலு வருஷம் என்கூட இருந்தான். இப்போ உன்கிட்ட இருக்கான்.”

எனக்குத் தாவரவியலில் எப்போதும் நல்ல மதிப்பெண். வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் வகுப்பெடுத்து அனுப்பியிருப்பேன். ஆனால் கற்ற கல்விதான் இந்த இடத்தில் என்னைக் கைவிடுகிறது. நம் ஊர்ச் சீமைப்பலாவுக்கு விதை கிடையாது. வேரில் வருகிற கன்றைப் பெயர்த்துத்தான் நடவேண்டும். அந்தக் கன்று தாய்மரத்தின் பிள்ளையில்லை. அதே மரம்தான், வேறோர் இடத்தில் நிற்கிறது. இதை நானே கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அப்படியானால் லாசெல்ஸின் மரத்தில்தான் நான் என் மகளின் கொடியை வைத்திருக்கிறேன். ஒரு மரத்தில் இரண்டு பிள்ளைகள். இந்தத் தீவில் எங்காவது இப்படி ஒன்று நடந்ததாக நீ கேள்விப்பட்டிருக்கிறாயா? உடன்பிறந்தவர்களுக்குக்கூடத் தனித்தனி மரம்தானே வைப்போம்.

லாசெல்ஸ் எப்படிப் போனான் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

“ஆத்துல. ஆறு வயசு. உன் புருஷனுக்கு அப்போ பதிமூணு. அவன் எங்க போனாலும் இவன் பின்னாடியே ஓடுவான், நாய்க்குட்டி கணக்கா. லின்வால் இறால் பிடிக்கப் போனான். போனது ரெண்டு பேரு. நடந்து திரும்பினது ஒருத்தன், தோள்ல இவனைப் போட்டுக்கிட்டு. அன்னையிலேருந்து என் வாசலுக்கு அவன் வந்ததே இல்ல. நான் ஒரு நாளும் அவனைத் திட்டினதில்ல டீச்சரம்மா. திட்டியிருந்தா வந்திருப்பானோ என்னவோ.”

நான்கு வருடம் உன்னோடு வாழ்ந்திருக்கிறேன். ஆற்றில் குளிக்கமாட்டாய், இறால் சாப்பிடமாட்டாய், ஒவ்வாது என்பாய். நானும் நம்பிச் சமைக்காமல் விட்டேன்.

மிஸ் ஐசில்டா ஒருநாளும் நடீனை அவன் பெயரால் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தால் பாவம், புத்தி பேதலித்தவள் என்று கதவைச் சாத்தியிருப்பேன். அவள் குழந்தையிடம் நடீன் என்றுதான் பேசுகிறாள். மரத்திடம் மட்டும், “பாத்துக்கோடா” என்று சொல்லிவிட்டுப் போவாள்.

இனி நடீனைப் பற்றி. செப்டம்பரில் தவழ ஆரம்பித்தாள் என்று எழுதினேன் அல்லவா? எந்தப் பக்கம் என்று எழுதவில்லை. பின்கதவுப் பக்கம் மட்டும்தான். சாலையைப் பார்த்து உட்கார வைத்தாலும் திரும்பிவிடுவாள். தரை சரிவாக இருப்பதால்தான் என்று பாயைத் திருப்பிப் போட்டேன், நாற்காலிகளைக் குறுக்கே வைத்தேன். நாற்காலியின் கால்களுக்கு நடுவில் தலையை விட்டு, ஆறு இருக்கும் திசையைப் பார்த்து, தனக்கு மட்டும் கேட்கும் எதற்கோ சிரிப்பாள். எதுவும் அண்டாமலிருக்க, நெற்றியில் துணிக்குப் போடும் நீலத்தால் பொட்டு வைக்கிறேன். தலைமாட்டில் வேதப்புத்தகத்தைத் திறந்து வைக்கிறேன். ஆமாம், நான்தான். கல்லூரிச் சான்றிதழைச் சுவரில் மாட்டியிருக்கிறவள்தான்.

திங்கட்கிழமை காலை, மழை விட்டிருந்தது. பின்கதவின் கீழ்ப்பலகையைக் கயிற்றால் கட்டிவிட்டுத்தான் துணி பிழிய உட்கார்ந்தேன். நாலு துணி பிழிந்திருப்பேன். திரும்பினால் பாய் காலி. கயிறு கட்டினபடியே இருந்தது, பலகை மட்டும் ஒருபக்கம் விலகியிருந்தது. வாசலிலிருந்து ஈரமண்ணில் முழங்கால் தடம். வளையாமல், நிற்காமல், நேராகக் கீழே போயிருந்தது. நான் கத்தினேனா என்று தெரியவில்லை. பெர்சி கேட்டு ஓடிவந்தான், ஆகவே கத்தியிருக்கத்தான் வேண்டும்.

அவள் மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையால் தண்டைக் கட்டிப்பிடித்திருந்தாள். முகம் ஆற்றைப் பார்த்து. அழவில்லை. மரத்துக்கு அப்பால் ஆறடிப் புல், அதற்கப்பால் முந்தின இரவு சரிந்த கரை, கீழே பழுப்புத் தண்ணீர். தூக்கினேன், வரவில்லை. பிறகுதான் பார்த்தேன், அவள் சட்டையின் பின்நுனி கீழ் இலைக்காம்புக்கும் தண்டுக்கும் இடையில் செருகிக்கொண்டிருந்தது. கொக்கியில் மாட்டியதைப்போல. பெர்சி இரண்டு கையாலும் விலக்கித்தான் எடுத்தான். சீமைப்பலாவுக்கு முள் கிடையாது, லின்வால்.

சத்தம் கேட்டு மிஸ் ஐசில்டாவும் இறங்கி வந்தாள். மூச்சு வாங்க நின்று அந்தச் சட்டையைப் பார்த்தாள். “பாத்தியா? புடிச்சு நிறுத்திட்டான். இவளைத் தண்ணிக்கு விடமாட்டான். அவனுக்குத் தெரியும், தண்ணி எப்படின்னு” என்று அழுதாள்.

பெர்சியின் முகத்தில் விளையாட்டே இல்லை. “நிறுத்தினது சரி மிஸ் ஐசில்டா. பாயில கெடந்த பிள்ளையை அது வரைக்கும் கூப்பிட்டது யாரு? சும்மா வந்து நிக்கிற வயசா அவனுக்கு? ஆறு வயசுப் பையன், விளையாட ஆள் தேடுறான்” என்றான். அவள் அவனை அடிக்கப் போனாள். என் முற்றத்தில், என் குழந்தைக்கு இருபுறமும் நின்று, இருவரும் செத்துப்போன ஒரு பிள்ளையின் குணத்தைப் பற்றிச் சண்டை போட்டார்கள்.

பெர்சி வெட்டுக்கத்தியோடு வருகிறேன் என்கிறான். வெட்டி, வேரைத் தோண்டி, உப்பைக் கொட்டினால் தீர்ந்தது என்கிறான். ஆனால் அதே வேரில் நடீனின் கொடியும் இருக்கிறதே. கொடியை மட்டும் எடுத்துவிடலாம் என்று செவ்வாய்க்கிழமை நானே கரண்டியால் மண்ணை விலக்கினேன். கைக்குட்டையின் ஓரம் தெரிந்தது, நான் தைத்த நீல நூல் தெரிந்தது. அதன் ஊடே வெள்ளை வேர்கள், நூல் கோத்ததைப்போல, ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போயிருந்தன. இழுத்தேன். இரண்டு வேர் அறுந்து பால் கசிந்தது. அதற்கு மேல் எனக்குக் கை வரவில்லை. மூடிவிட்டேன்.

அன்று சாயங்காலம் மரத்தின் இலைகள் குடைபோல மடங்கித் தொங்கின. நடீனுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. விடியும்போது இரண்டும் சரியாகிவிட்டன. பல் முளைக்கிற காய்ச்சல் என்று நர்ஸ் சொன்னார். சரியாகத்தான் இருக்கும். வேர் அறுந்தால் இலை வாடும், அதுவும் சரிதான். இரண்டுக்கும் காரணம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன் என்றுதான் தெரியவில்லை.

ஆகையால் வெட்டவும் முடியாது, விடவும் முடியாது. மாண்டெவில்லில் என் அக்கா வீட்டுக்குப் போய்விடலாம் என்றும் யோசித்தேன். பெட்டிகூட எடுத்தேன். மரம் இங்கே நிற்க, பிள்ளையை எத்தனை தூரம் கொண்டுபோக முடியும்?

நீ அரசாங்கப் பண்ணையில் வாங்கவில்லை. அதற்காக நான் உன்னோடு சண்டை போடப்போவதில்லை. உனக்கு எத்தனை மரங்கள் கிடைத்திருக்கும், நம் சாலையிலேயே ஒன்பது சீமைப்பலா நிற்கிறது. அந்த வீட்டு வாசலைப் பதினாலு வருடம் மிதிக்காதவன், அவள் இல்லாத நாள் பார்த்துப் போய், அந்த ஒரு மரத்தின் வேரைத் தோண்டியிருக்கிறாய் என்றால் ஏதோ நினைத்துத்தான் தோண்டியிருப்பாய். தோண்டும்போது அவனிடம் ஏதாவது சொன்னாயா? என் பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று சொன்னாயா? அல்லது, உன்னை உயிரோடு கொண்டுவராமல் விட்டதற்குப் பதிலாக இவளை வைத்துக்கொள் என்று, வாய் தவறியாவது, சொன்னாயா? அன்று ஆற்றில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. அதைச் சொல்லும் காலம் வரும்போது நீயே சொல்வாய். இது ஒன்றை மட்டும் மறைக்காதே. நீ அவனிடம் சொன்ன வார்த்தை எதுவோ அதை அப்படியே எழுது. அது எதுவாக இருந்தாலும் நான் உன் மனைவிதான். ஆனால் மரத்தை என்ன செய்வது என்பது அந்த வார்த்தையில்தான் இருக்கிறது.

பெர்சி சனிக்கிழமை வருவதாக இருந்தான். உன் கடிதம் வரும்வரை யாரும் அதன்மேல் கத்தி வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அதுவரை நானும் நடீனும் ஒரே படுக்கை விரிப்பால் இடுப்போடு இடுப்பாகக் கட்டிக்கொண்டு தூங்குகிறோம். இதை எழுதும்போதும் அவள் என் மடியில்தான் கிடக்கிறாள். தூக்கத்தில் சிரிக்கிறாள்.

கடவுள் உன்னைக் குளிரிலிருந்தும் தனிமையிலிருந்தும் காக்கட்டும். நீ பதிமூன்று வயதில் சுமந்ததை இனித் தனியாகச் சுமக்க வேண்டாம்.

கடிதம் அங்கே வரப் பத்து நாள், திரும்பப் பத்து நாள். இது கிடைத்த அன்றே எழுது. சீக்கிரம் பதில் போடு, லின்வால்.

உன்
வெரோனா